வெறும் சைபர் போதும் என்றவர்

அலுவலகமே முதுகுக்குப் பின்னால் மேதாவி என்று கூப்பிடுகிற அந்த மனிதருக்கு, புரோகிராமில் காஸ்ட் போடுகிறவர்களை, அதாவது ஒரு மதிப்புக்கு முன்னால் அது இன்ன வகை என்று எழுதிவைக்கிறவர்களைக் கண்டால் எட்டிக்காய். தொடைநடுங்கிகள், குளிக்கப் போகும்போதும் குடை பிடிக்கிறவர்கள் என்பார். அவருடைய லேபிள் அச்சடிக்கும் புரோகிராமில், வரிகள் இத்தோடு முடிந்தன என்று காட்ட வெறும் சைபர்தான் போட்டிருந்தார். பழைய மெஷினில் அது வருடக்கணக்காக ஓடியது. அந்தச் செருக்கில் அவர் தலை உயர்ந்துகொண்டே போக, மின்விசிறியையே கழற்ற வேண்டியதாயிற்று.

இப்போது மருந்துக் கிடங்குக்குப் புது மெஷின். லேபிள் ஒழுங்காக வந்தால் பிரிவுத் தலைமை அவருக்கு. சொதப்பினால், அதே பிரிவில் இருக்கும் அவருடைய மச்சினிக்கு. முதலாளி முடிவாகச் சொல்லிவிட்டார்.

அப்படியும் மச்சினி முன்கூட்டியே எச்சரித்தாள். எத்தனை வரி வரும் என்று அறிவிக்காத, வரிகளை வாங்கி அச்சடிக்கும் ஃபங்ஷனுக்கு வெறும் சைபர் கொடுத்தால், புரோகிராமை மெஷின் மொழிக்கு மாற்றும் கம்பைலர் அதைச் சாதாரண எண்ணாகத்தான் அனுப்பும். ஃபங்ஷன் எதிர்பார்ப்பதோ பாயிண்டர், அதாவது நினைவகத்தில் ஓர் இடத்தின் முகவரி; புது மெஷினில் அது எண்ணைவிட இரண்டு மடங்கு அகலம். மீதிப் பாதியில் என்ன குப்பை கிடக்குமோ; கிடந்தால் முடிவு தெரியாமல் அச்சடித்துக்கொண்டே போகும். பாயிண்டர் என்று காஸ்ட் போட்டுவிடச் சொன்னாள்.

"சைபர் எங்க போனாலும் சைபர்தாம்மா. அதுக்குக் கோட்டு சூட்டு வேற மாட்டிவிடணுமா?"

மூன்று வரி லேபிள் ஒன்றை அடித்துக் காட்டிக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். அந்த மீதிப் பாதி அப்போது தற்செயலாகக் காலியாக இருந்தது என்பது அவருக்கு எங்கே தெரியும்?

கிடங்கில் லேபிளுக்குப் பத்து வரி. முதலாளியின் கண்ணெதிரே பத்தும் வந்தன. பதினொன்றாவதாகப் பூச்சி பூச்சியாக ஏதோ வந்தது. பிறகு அடங்கவே இல்லை. புரோகிராம் மண்டையைப் போடுவதற்குள் முதலாளி முழங்கால்வரை காகிதத்தில் நின்றார். மேதாவி பிரிண்டரைத் திட்டினார், கேபிளைத் திட்டினார், மின்சாரத்தையும் விடவில்லை. மச்சினி காஸ்டைப் போட்டு ஓட்டினாள். பத்து வரி, நின்றது. தலைமை அங்கேயே கைமாறியது.

மறுநாள், பழைய வெறும் சைபர்களைத் தேடித் திருத்தும் வேலை அவர் தலையில் விழுந்தது. ரோஷத்தில், கண்ணில் பட்ட சைபருக்கெல்லாம், திரும்பத் திரும்ப ஓடும் லூப்பில் எண்ணிக்கையைத் தொடங்குகிற சைபருக்கும்கூட, காஸ்ட் போட்டுத் தள்ளினார். கம்பைலர் கதறியது.

"மாமா, அது பாயிண்டர்தான்னு கம்பைலருக்கே தெரியிற இடத்துல வேண்டாம். தெரிய வழியில்லாத இடத்துல மட்டும் போடுங்க. எதுன்னு புரியலைன்னா என்னைக் கேளுங்க."

அவரா கேட்பார்? நேரே வீட்டுக்குப் போய், "உன் தங்கச்சிக்கு ஒரு சைபர்கூட ஒழுங்கா போடத் தெரியலை" என்று மனைவியிடம் சொன்னார்.