கப்பலேறிய சஹன்

கொழும்பில் ஒரே நாள் தரித்து நின்ற கப்பலிலிருந்து இறங்கி, தம்புள்ளைக் குகை பார்க்க வந்த வெள்ளைக்காரத் தம்பதியர், திரும்பும் வழியில் கார் கொதித்துப்போய்ப் பலாபத்வலையில் உதுமான் ஹாஜியாரிடம் தண்ணீர் கேட்டார்கள். வாசலுக்கு வந்தவர்கள் சாப்பிடாமல் போனால் குடும்ப மானம் என்னாவது? ஹாஜியார் உடனே கோழி அறுக்கச் சொன்னார்.

நெய்ச்சோறு தம்மில் இருக்கும்போதே அவர்களைக் கூட்டிவந்த டிரைவர் சிவசாமி பதறினான். "முதலாளி, எட்டு மணிக்குக் கப்பல் போயிருங்க!"

"நம்ம வீட்டு விருந்தாளி பசியோட போன கதையே கிடையாது," என்றார் ஹாஜியார். ஆறு பேர் சுற்றியிருந்து உண்ணும், பாட்டனார் பெயர் வெட்டிய பெரிய பித்தளைத் தட்டான சஹனிலேயே சோற்றைக் கொட்டி, துணி கட்டிக் காரில் ஏற்றிவிட்டார்.

"சஹன் திரும்பி வருமா?" என்றாள் மனைவி றஹீமா.

"சோறு போன ஏனத்த எவனாச்சும் வெச்சுக்குவானா? வெறுமையா அனுப்பவும் மாட்டான். ரெண்டு ஆப்பிளாச்சும் வெச்சுத்தான் அனுப்புவான்."

ஏழு மாதம் கழித்து ஒரு புகைப்படம் மட்டும் தபாலில் வந்தது. வெள்ளைக்காரர் வீட்டுச் சுவரில் சஹன் தொங்கியது.

"பாத்தியா, பாட்டனார் பேரு எங்க போயிருக்குன்னு!" ஹாஜியார் படத்தை ஊரெல்லாம் காட்டினார்.

அடுத்த வாரம் மகளின் நிக்காஹ். மாப்பிள்ளை வீட்டாருக்குச் சோறு வைக்கச் சஹன் வேண்டும். பத்து வருடமாகத் தாம் முகம் பார்க்காத மச்சான் மர்சூக்கிடம் இரவல் கேட்க றஹீமாவை அனுப்பினார்.

மர்சூக் மறுக்கவில்லை. சஹனைத் துடைத்து நீட்டியபடி அக்காவிடம் சொன்னார்:

"திருப்பித் தர்றப்ப படம் வாணாம் லாத்தா, சஹனையே தரச் சொல்லுங்க."