கைமுறுக்கும் செயற்கை நுண்ணறிவும்

ப்ரியம்வதாவுக்குத் தமிழ் பேச வரும்; படிக்கத்தான் வராது. மராத்தி பேசும் ஊரான வானவடியில் பிறந்து வளர்ந்து, ஹிந்தியில் சண்டை போட்டு, மராத்தியில் ரிக்‌ஷாக்காரரிடம் பேரம் பேசி, ஆங்கிலத்தில் பரீட்சை எழுதுகிற பதினோராம் வகுப்புப் பெண்ணிடம் அதற்கு மேல் எதிர்பார்ப்பது அநியாயம். வீட்டில் அம்மா திட்டுகிற தமிழ் அவளுக்கு நன்றாகவே புரியும். மேடைத் தமிழ் என்றால் மட்டும் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருக்கும்.

அப்பேர்ப்பட்டவள் தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுத்தாள் என்றால், அதற்குக் காரணம் ராஜ்கட். வகுப்புத் தோழிகள் எல்லாரும் அந்த மலைக்கோட்டைக்கு ஏறி, ஓர் இரவு அங்கேயே தங்கப் போகிறார்கள். அம்மா வைஜயந்தி கூடாது என்றாள். இவள் விடவில்லை. நச்சரிப்புத் தாங்காமல் ஒரு நாள் வைஜயந்தி, “சங்கத்துல ஃபர்ஸ்ட் ப்ரைஸ் வாங்கிண்டு வா. அப்புறம் ராஜ்கட் போ” என்று சொல்லிவிட்டாள். வாங்க மாட்டாள் என்கிற தைரியம்தான்.

தலைப்பு, ‘செயற்கை நுண்ணறிவு: இளைஞரின் பொறுப்பும் பாதுகாப்பும்.’ ப்ரியம்வதா என்ன செய்தாள்? போனை எடுத்துச் செயற்கை நுண்ணறிவிடமே கேட்டாள். நடுவர் பக்தவத்சலம் தனித்தமிழ்ப் பிரியர். ‘ஹலோ’ சொன்னாலே மார்க்கைக் குறைப்பார் என்று சங்கத்தில் பேச்சு. அதனால் பேச்சு சுத்தமான செந்தமிழில் இருக்க வேண்டும், அதை ஆங்கில எழுத்தில் தர வேண்டும் என்று கட்டளை போட்டாள். அதுவும் மளமளவென்று எழுதிக் கொடுத்தது. ஆனால் சப்பென்று இருக்குமோ என்று அவளுக்குத் தோன்றியது; அதையும் சொன்னாள். ‘வெளியே சொல்லக் கூடாத குடும்ப விஷயங்களுக்கு உதாரணம் சேர்க்கட்டுமா? உங்கள் வாழ்க்கையிலிருந்து சொன்னால் இயல்பாக இருக்கும்’ என்று அது கேட்டது. இவளும் வீட்டு ரகசியம் சிலவற்றை, பெயரும் ஊருமாக ஆங்கிலத்தில் தட்டிவிட்டாள். பெயரை எல்லாம் அதுவே மாற்றிவிடும் என்று ஒரு நினைப்பு. மாற்றச் சொல்லவும் இல்லை, மாற்றியதா என்று பார்க்கவும் இல்லை. வந்ததை அச்செடுத்து, முதல் பத்தியை மட்டும் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்துவிட்டு, மீதி தானாக வரும் என்று தூங்கப் போனாள்.

விழா நாள் வந்தது. அந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வீட்டாரும் கையால் செய்த ஒரு பலகாரம் கொண்டுவர வேண்டும்; கடைச் சரக்குக்கு இடமில்லை. செயலாளர் நீலா மாமி மைக்கைப் பிடித்து, யார் வீட்டில் யார் செய்தது என்று ஒவ்வொன்றாக அறிவிப்பாள். இறைவணக்கம் பாடுவதும் அவளேதான்.

“அடுத்தது, நம்ம வைஜயந்தியோட கைமுறுக்கு! அந்தச் சுத்து யாருக்கு வரும் சொல்லுங்கோ!”

கைதட்டல் எழுந்தது. வைஜயந்தி அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் கைதட்டலுக்காக அவள் வருஷம் முழுக்கக் காத்திருப்பாள்.

ப்ரியம்வதாவின் முறை வந்தது. முதல் பத்தி கணீரென்று வந்தது. பக்தவத்சலம் நிமிர்ந்து உட்கார்ந்தார். ராஜ்கட் கோட்டை வாசல் கண்ணுக்குத் தெரிந்தது. உற்சாகத்தில் இரண்டாம் பத்திக்குள் பாய்ந்தாள்.

“அறிவுக் கருவியிடம் இல்லத்து அந்தரங்கம் உரைத்தல் தகாது! எடுத்துக்காட்டாக, எந்தையார் ஹரிபிரசாத் அவர்கள் சனிக்கிழமைதோறும் போசரி ஆலையில் தணிக்கை உள்ளதெனப் புகன்று இல்லம் நீங்குவார். ஆங்கே தணிக்கை யாதுமில்லை. தோழர் குழாத்துடன் காரச் சிற்றுண்டி அருந்தி, சுண்டாட்டம் ஆடி மீள்வார்!”

சபை கொல்லென்று சிரித்தது. பேச்சு எடுபடுகிறது என்று இவள் குரலை இன்னும் உயர்த்தினாள். முன்வரிசையில் அப்பா நாற்காலிக்குள் சரிந்துகொண்டிருந்தார். அம்மா அவர் பக்கம் மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். ‘ஹரிபிரசாத்’, ‘போசரி’ என்று தன் வாயிலிருந்தே வந்தது ப்ரியம்வதாவின் காதில் சாதத்துக் கல்லாக இடறியது. ஆனால் வாய் நிற்கவில்லை.

“மேலும், எம் அன்னையார் வைஜயந்தி அம்மையாரின் புகழ்பெற்ற கைமுறுக்கு, உண்மையில் போபோடியில் வாழும் அமலா என்பாரிடம் விலைக்குப் பெறப்படுவது. இதனையும் எவரும் கருவியிடம் உரைத்திடலாகாது!”

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் யாரோ முறுக்கைக் கடித்த சத்தம் மட்டும் கேட்டது.

அம்மாவின் முகத்தைப் பார்த்தாள் ப்ரியம்வதா. எந்தத் தமிழும் தெரியாதவர்களுக்குக்கூட அந்த முகம் புரியும். காகிதத்தில் அடுத்த வரியைத் தேடினாள். புரியாத சொற்களுக்கு நடுவே ஒரு பெயர் மட்டும் பளிச்சென்று தெரிந்தது: நீலா. அந்த நீலா மாமி மைக்குக்கு அடுத்தாற்போலவே, புன்னகையோடு, நின்றுகொண்டிருந்தாள்.

ப்ரியம்வதா காகிதத்தை மடித்தாள். இதோடு ராஜ்கட் போயிற்று என்று அவளுக்குத் தெரிந்தது.

“சாரி. இத நான் எழுதல. ஏஐ எழுதித்து. எனக்கே இதுல பாதி புரியல” என்றாள், வீட்டுத் தமிழில், தட்டுத் தடுமாறி. “எங்காத்து விஷயத்த எல்லாம் நானேதான் அதுகிட்ட சொன்னேன். பேர மாத்திடும்னு நெனச்சேன். அது மாத்தல, நானும் செக் பண்ணல. எங்கம்மா பாவம். நீங்க யாரும் இப்டிப் பண்ணாதீங்கோ. தேங்க்யூ.”

போட்டிக்கு வந்திருந்த பிள்ளைகள் பக்கத்திலிருந்து பலத்த கைதட்டல். பாதிப் பேர் கையில் இருந்த காகிதம் அவசரமாகப் பைக்குள் போனதையும் சொல்ல வேண்டும்.

பக்தவத்சலம் முடிவை அறிவித்தபோது, தலைப்பைத் தொட்டுப் பேசியது இந்தப் பெண்ணின் கடைசி நாலு வரிதான் என்றார். ஆனால் பரிசை வேறொரு பையனுக்குக் கொடுத்தார். பந்தியில் நீலா மாமி வைஜயந்தியின் தோளைத் தொட்டு, “யார் பண்ணினா என்ன, முறுக்கு நன்னாத்தானே இருக்கு!” என்று தேனாகச் சொல்லிவிட்டுப் போனாள். வைஜயந்திக்குச் சோறு இறங்கவில்லை.

காரில் ஏறினார்கள். கொஞ்ச தூரம் போனதும் அப்பா தொண்டையைக் கனைத்தார்.

“கொழந்தைதானே...”

“நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். உங்க கேரம் போர்ட் ஆடிட்ட ஆத்துல போய் வெச்சுக்கறேன்.” அம்மா பின்சீட்டுக்குத் திரும்பினாள். “ப்ரைஸ் இல்ல. ராஜ்கட்டும் இல்ல. மானத்த வாங்கிட்டியேடி! அதையும் நடுவுல வேற நிறுத்தினே. முழுசாவாவது பேசியிருந்தா அந்தக் கப்பாவது கெடச்சிருக்கும்.”

“அடுத்ததுல நீலா மாமி பேர் இருந்ததும்மா.”

“என்ன எழுதியிருந்தது?”

ப்ரியம்வதா காகிதத்தைப் பிரித்து, எழுத்துக் கூட்டி வாசித்தாள். “நீலா அம்மையார் இறைவணக்கம் பாடுங்கால், அழுத்தக் கலனின் சீழ்க்கையொலி நினைவுக்கு வருமென, எம் அன்னையார் நாள்தோறும் நகையாடுவார்.”

“குக்கர் விசில்!” என்ற அப்பா காரை ஓரமாக நிறுத்த வேண்டியதாயிற்று. சிரிப்பில் ஸ்டியரிங் பிடிபடவில்லை. வைஜயந்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஐயையோ! மைக் பக்கத்துலயே நின்னுண்டிருந்தாளேடி!”

“அதான் நிறுத்திட்டேன்.”

வைஜயந்திக்கு அப்போதுதான் உறைத்தது. கப்புக்கு ஆசைப்பட்டு இவள் இன்னும் ஒரு வரி படித்திருந்தால், அப்புறம் சங்கத்தின் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியுமா? கோபம் போன இடத்தில் வேறு என்னவோ வந்து, மனசு இளகிவிட்டது.

“போன்லேர்ந்து அதெல்லாத்தையும் அழிச்சியா?”

“அழிச்சுட்டேன். ஆனா அங்க எங்கயாவது இருக்குமான்னு எனக்குத் தெரியலம்மா. இனிமே பேர் போட்டு எதுவும் சொல்ல மாட்டேன்.”

“ராஜ்கட்டுக்கு பஸ் எங்கேர்ந்து?”

ப்ரியம்வதாவுக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. “ஸ்வார்கேட்லேர்ந்து.”

“ஸ்வெட்டர் எடுத்துக்கோ. அங்க போய் என்ன கூத்தடிச்சாலும் அந்த மிஷின்கிட்ட சொல்லாதே. என்கிட்ட வந்து சொல்லு.”

“நீ திட்டுவியேம்மா.”

“திட்டுவேன்தான். ஆனா ஊருக்கெல்லாம் மைக் போட்டுச் சொல்ல மாட்டேன்.”