உலை அணைந்த ஞாயிறு

சத்தியமாகச் சொல்வது இது. கூட்டியோ குறைத்தோ ஒரு சொல் கிடையாது. பொய்யென்றால் சொன்ன நாக்கு அழுகிப் போகட்டும்.

சிமெண்ட் ஆலை உலைக்காரருக்கு ஒரே மகள். மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்குள் கூவும். தெருப் பிள்ளைகள் வைத்த பேர் விசில். ஆலைப் புகைபோக்கிக்கு வடிகட்டி வைத்தால்தான் பிள்ளை தேறும் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அதைக் கேட்டு மேனேஜரிடம் நடந்து நடந்து உலைக்காரருக்குச் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம்.

“அண்ணே, நல்ல சேதி!” என்றார் மேனேஜர் ஒருநாள். “நம்ம கம்பெனி கார்பனைப் பாதியாக் குறைச்சிடுச்சு.”

“புகை அப்படியே வருதே, சார்?”

“அது புகை. கார்பன் கண்ணுக்குத் தெரியாது. எங்கேயோ ஒரு காட்டுக்குப் பணம் கட்டியிருக்கோம். அந்த மரங்க நமக்காக இழுத்துக்கும்.”

“எம் பொண்ணுக்கும் சேர்த்து இழுக்குமா?”

“இந்தக் குசும்புதானே வேணாங்கறது! கார்பன் குறைச்சதுக்கு ஊர் சம்மதிச்சாதான் சர்டிபிகேட்டாம். ஞாயித்துக்கிழமை கூட்டம், அதிகாரிங்க வர்றாங்க. அன்னிக்கு மட்டும் உலையை அணைச்சிடுங்க.”

“கூட்டத்துல வடிகட்டி கேப்பேன், சார்.”

“தாராளமா கேளுங்க.”

சனிக்கிழமை அணைத்தார். ஞாயிறு விடிந்ததும் ஊர் அரண்டுபோனது. வானம் நீலமாக இருந்தது. கண்ணில்தான் கோளாறு என்று பாதி ஊர் கண் டாக்டர் வாசலில் வரிசை கட்டியது. டாக்டரோ உள்ளே தம் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தார். நாய்கள் சூரியனைப் பார்த்துக் குரைத்தன. சுத்தக் காற்று ஒத்துக்கொள்ளாமல் தபால்காரர் மயங்கி விழுந்தார். ஓடுகிற லாரியின் புகையில் தூக்கிப்போய்ப் பிடித்த பிறகுதான் தெளிந்தது.

உலைக்காரர் வீட்டில் கூவல் கேட்கவில்லை. அவர் உள்ளே ஓடினார். பாயில் கிடந்த மகளின் மூக்கருகே விரலை வைத்தார். மூச்சு வந்தது, சத்தமே இல்லாமல்.

“மூக்கை விடுங்கப்பா, தூக்கம் வருது.”

மனைவி கண்ணைத் துடைத்தாள். “இன்னிக்காவது வாயைத் திறந்து கேட்டுட்டு வாங்க. பிடிச்சு வச்ச பிள்ளையார் மாதிரி நின்னுட்டு வந்துடாதீங்க.”

கூட்டத்தில் அதிகாரி கேட்டார்: “கம்பெனி கார்பனைக் குறைச்சதுல உங்களுக்குத் திருப்திதானே?” காற்றுக் கிறக்கத்தில் இருந்த ஊர், ஆளுக்கு இரண்டு கையையும் தூக்கியது.

உலைக்காரர் எழுந்தார். “ஐயா, புகைக்கு ஒரு வடிகட்டி…”

“எந்தப் புகைக்கு?” அதிகாரி வானத்தைக் காட்டினார். ஊரே சிரித்தது.

“உக்காருய்யா, கண்ணு வைக்காதே,” என்றார் பின்னாலிருந்த மளிகைக்கடைக்காரர்.

அதிகாரிகளின் கார் மறைந்ததும் மேனேஜர் உலைக்காரரின் தோளில் கை போட்டார். “அண்ணே, பத்த வைங்க.”

“ஒரே ஒரு ராத்திரி, சார். அவ தூங்கட்டும்.”

“நீங்க வைக்கலன்னா வேற ஆள் வைப்பான்.”

அவரே வைத்தார். வீட்டுக்குத் திரும்புகையில் தெருமுனையிலேயே கூவல் கேட்டது.

இதுவும் சத்தியம்: அந்த உலை, மூட்டிய நாள்முதல் இன்றுவரை ஒரு நாள்கூட அணைந்ததில்லை.