சருகில்லாத வாசல்

கிளினிக்கிலிருந்து வரும் வெள்ளைப் படுக்கை விரிப்புகளைத் துவைப்பது, காயப்போடுவது, பிறகு அதையே மறுபடி துவைப்பது. இதுதான் அந்தப் பெண்ணின் தொழில் என்று தெருவில் கேலி பேசுவார்கள். கேலியில் பாதி உண்மை. கொடியில் விரிப்பை விரித்துவிட்டுத் திரும்புவதற்குள் ஏதாவது ஒரு காக்கை அதன்மேல் தன் முத்திரையைக் குத்திவிடும். காக்கை விட்டால் காய் விழும். கறுப்பாக, நீளமாக, உள்ளே பாகோடு இருக்கும் காய். அது செருப்பில் ஒட்டினால் கூடம், சமையலறை, படுக்கையறை எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் இறங்கும். பின்னாலேயே எறும்பு வரிசை கட்டி வரும்.

எல்லாம் பக்கத்து வீட்டுத் தூங்குமூஞ்சி மரத்தின் கைங்கரியம். மரம் நின்றது மதிலுக்கு அந்தப் பக்கம். கிளையில் பாதிக்கு மேல் இந்தப் பக்கம். சாயங்காலம் ஆனதும் அது இலைகளை மடித்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கப் போய்விடும். இவள் உட்கார்ந்து கறை தேய்த்துக்கொண்டிருப்பாள்.

மரத்தின் சொந்தக்காரர் ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவுக்கே அவர் கார்டு சார். மனைவி போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. ஒரே மகள், கட்டிக்கொடுத்த ஊரில் இருக்கிறாள். தினமும் காலையில் அவர் நீளக் கைப்பிடி போட்ட துடைப்பத்தோடு வந்து இவர்கள் வீட்டுக் கேட்டைத் தட்டுவார். "மரம் என்னோடதுன்னா குப்பையும் என்னோடதுதானே அம்மாடி" என்பார். சரக், சரக் என்று வாசல் முழுக்கப் பெருக்கி, சருகையும் காயையும் கோணியில் அள்ளிக் கட்டுவார். முடித்ததும் துடைப்பத்தைப் பச்சைக் கொடி மாதிரி தூக்கிப் பிடித்து, "லைன் கிளியர்!" என்று ஒரு குரல் கொடுப்பார்.

வண்டிதான் கிளம்பும், கார்டு கிளம்பமாட்டார்.

"முகம் ஏம்மா வாடியிருக்கு? தூங்கலியா?"

"ஒண்ணுமில்ல சார். வேலை தலைக்கு மேல கிடக்கு."

"நீ பாட்டுக்கு வேலையப் பாரு. நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டிருக்கேன்."

அப்படியே செய்வார். எந்த ஸ்டேஷனில் எந்த வண்டி எதற்காக நின்றது என்ற கதையெல்லாம் இவள் தலையெழுத்தில் வந்து சேர்ந்தது. அவருக்கு அன்றைய பொழுதில் பேசக் கிடைத்த ஒரே ஆள் தான்தான் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததை நினைத்துப் பார்க்க நேரமில்லை, அவ்வளவுதான். நம்மில் பலருக்கும் அப்படித்தான்.

அவள் கணவர் ஏசி மெக்கானிக். ஊரார் வீட்டையெல்லாம் குளிர வைத்துவிட்டு வேர்த்து விறுவிறுத்து வீடு திரும்புகிறவர். வாசலில் காய் மிதித்து வழுக்கியபடி நுழைந்தால் உள்ளே மனைவியின் புலம்பல் காத்திருக்கும்.

"என்னங்க, இன்னிக்கும் அஞ்சாறு விரிப்பு வீணாப்போச்சு. இன்னொரு தடவ இப்படின்னா வேற ஆள் பாத்துக்கறோம்னு கிளினிக்ல சொல்லிட்டாங்க. ஒண்ணு அந்த மரம் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

மெக்கானிக் போய்க் கேட்டுப் பார்த்தார். கார்டு சார் கையைப் பிசைந்தார். "கிளையக் கழிச்சுவிடலாம் தம்பி. எவ்வளவு வேணும்னாலும் கழிக்கச் சொல்றேன். அடியோட வெட்ட மட்டும் மனசு வரல. அவ இருக்கும்போது வெச்ச மரம்." கிளையைக் கழித்திருந்தால் கதை அங்கேயே சுபமாக முடிந்திருக்கும். ஆனால் மெக்கானிக்குக் கோபம் வந்துவிட்டது. கோபக்காரனுக்குப் பாதி வழி பிடிக்காது.

கார்டு சார் மகள் வீட்டுக்குப் போய்ச் சில நாள் தங்கிய சமயம், பட்டப்பகலில், காதும் காதும் வைத்தாற்போல் காரியம் முடிந்தது. ஏசி குழாய்க்காகச் சுவரைத் துளைக்கிற நீண்ட ட்ரில்லை எடுத்துக்கொண்டு மெக்கானிக் மதிலேறிக் குதித்தார். அடிமரத்தில் சுற்றிவரத் துளை போட்டு, செடிகொடிகளைச் சாகடிக்கிற மருந்தை உள்ளே ஊற்றினார். பிறகு, பழக்க தோஷம், சுவரில் துளையை எப்படி அடைப்பாரோ அப்படியே வெள்ளைப் பட்டி மாவைக் குழைத்து வைத்து வழித்து, மேலே சேற்றைப் பூசினார். நல்ல வேலைக்காரர். ஒரு பிசிறு தெரியவில்லை.

கார்டு சார் திரும்பி வந்தபோது மரம் இலைகளை மடிப்பதை நிறுத்தியிருந்தது. பொழுது சாய்ந்த பிறகும் இலைகள் விரித்தது விரித்தபடி தொங்கின. பிறகு பழுத்தன. பிறகு மொத்தமாகக் கொட்டின. அந்த மாதிரி ஒரு கொட்டலை அந்தத் தெரு பார்த்ததில்லை. கிழவர் மூச்சு வாங்க வாங்கக் கோணி கோணியாக அள்ளினார். சாயங்காலங்களில் வாளியில் தண்ணீர் சுமந்து வந்து வேரில் ஊற்றினார். மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று அதைப் பார்க்க மெக்கானிக்குக் கண் கூசியது. உள்ளே போய்விடலாம் என்று திரும்பியபோது கார்டு சார் கூப்பிட்டுவிட்டார்.

"தம்பி, உங்களுக்கு மெஷின்லாம் அத்துப்படி. இதுக்கு என்ன கோளாறுன்னு கொஞ்சம் பாருங்களேன்."

மெக்கானிக் மதிலருகே வந்து மரத்தை ஒரு பார்வை பார்த்தார். "வயசாயிடுச்சு சார். அதான்."

"எனக்குந்தான் ஆயிடுச்சு" என்று கார்டு சார் சிரித்தார். "என்னவோ, வேர்ல தண்ணி நின்னா பொழச்சுக்கும்னு பாக்கறேன்."

அது பிழைக்கவில்லை. கடைசிச் சருகும் விழுந்த பிறகு இவர்கள் வாசல் பளிச்சென்று ஆகிவிட்டது. விரிப்புகள் மொடமொடவென்று காய்ந்தன. எதிர்வீட்டுக்காரர் வந்து மெக்கானிக்கின் தோளைத் தட்டி, "என்ன மாயம் பண்ணியோ தம்பி, தெருவே வெளிச்சமாயிடுச்சு" என்று கண்ணடித்தார். பெருக்க ஒன்றும் இல்லாத வாசலுக்குத் துடைப்பத்தோடு எப்படி வருவது? கார்டு சார் ஒரு காலை கேட்டருகே வந்து நின்று, சுத்தமான தரையைப் பார்த்துவிட்டு, யாரையும் கூப்பிடாமல் திரும்பிப் போனார். அவள் அதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். "அப்பாடா" என்று இருந்தது அவளுக்கு. பிற்பாடு அவளைத் தூங்கவிடாமல் செய்தது அந்த ஒரு அப்பாடாதான்.

மரம் மட்டும் நின்றுகொண்டே இருந்தது. இலையில்லாத மரத்தின் நிழல் விரிப்புகளின் மேல் கீறல் கீறலாக விழுந்தது. ஒரு காக்கை உட்காரவில்லை. காற்றடித்தால் காய்ந்த கிளைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. மரத்தை வெட்டக் கார்டு சாரே ஆள் சொல்லியிருப்பதாகக் கேள்வி. அவர்கள் வருவதாகச் சொல்லிச் சொல்லி வரவில்லை.

ஒரு மதியம் அவள் விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். டொக் என்று ஒரு சத்தம். கொஞ்சம் விட்டு மறுபடியும், டொக், டொக்.

"என்னங்க அது?"

சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருந்த மெக்கானிக் கண்ணைத் திறக்கவில்லை. "காஞ்ச கிளை கார்டு சார் வீட்டுத் தகரத்துல இடிக்குது. வேற என்ன?"

காற்றே இல்லையே என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. ஆனால் கை மடிப்பதை நிறுத்தவில்லை. சாயங்காலம்வரை அந்தச் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. அப்புறம் கேட்கவில்லை. காதுக்கு ஓய்வாக இருந்தது.

மறுநாளோ அதற்கு மறுநாளோ, கார்டு சாரின் மகள் போன் செய்தாள். "அக்கா, அப்பா போன் எடுக்கவே மாட்டேங்கறார். அங்கதானே இருக்கார்?"

"இங்கதான் இருப்பார்மா, காலையிலகூட..." என்று ஆரம்பித்தவளுக்கு நாக்கு நின்றுவிட்டது. காலையில் எங்கே பார்த்தாள்? நேற்று? அதற்கு முன்தினம்? எத்தனை யோசித்தும், அவரைக் கடைசியாக எப்போது பார்த்தோம் என்பது அவளுக்கு நினைவு வரவில்லை. கணவரைக் கூப்பிட்டுக்கொண்டே அவர் வீட்டுக்கு ஓடினாள்.

மெக்கானிக் முன்கதவின் உள்தாழ்ப்பாளை உடைத்தார். கார்டு சார் பின்கட்டுக் கதவுக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தார். இடுப்பு முறிந்திருந்தது. உயிர் இல்லை. கையில் அந்த நீளத் துடைப்பம் இருந்தது. கைப்பிடியின் நுனி சிதைந்து பிளந்திருந்தது. மதிலைப் பார்த்திருந்த அந்தத் தகரக் கதவின் அடிப்பாகம் முழுக்க, உள்பக்கம், இடித்து இடித்து ஏற்பட்ட பள்ளங்கள்.

அவள் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கணவரைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்துவிட்டது. வந்து பார்த்த டாக்டர், விழுந்த அன்றே பார்த்திருந்தால் பிழைத்திருப்பார் என்றார். அவர் யாரையும் குறை சொல்லவில்லை, வழக்கமாகச் சொல்வதைத்தான் சொன்னார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, மகள் முதல் வேலையாக மரத்தை வெட்ட ஆள் வைத்தாள். ரம்பம் ஓடிக்கொண்டிருக்க, மதிலோரம் நின்று பேசினாள்.

"உங்களுக்குத்தான் அக்கா நான் நன்றி சொல்லணும். எங்ககூட வந்துடுங்கப்பான்னு எத்தனையோ தடவ கூப்பிட்டேன். 'எனக்கென்ன பயம்? ஒரு நாள் நான் குப்பை வாரப் போகலன்னா பக்கத்து வீட்டுப் பொண்ணு சத்தம் போட்டு ஊரையே கூட்டிடுவா'ன்னு சிரிப்பார். அந்த ஒரு தைரியத்துலதான் நானும் விட்டு வெச்சிருந்தேன்."

மரம் சாய்ந்தது. வெட்டியவர்களில் ஒருவர் அடிக்கட்டையைச் செருப்புக் காலால் தேய்த்து, "இது என்னம்மா வெள்ளையா, அங்கங்க?" என்றார். மகள் குனிந்து பார்த்தாள். மெக்கானிக் கேட்டுக்கு வெளியே போகத் திரும்பினார். மனைவி அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நாங்கதாம்மா" என்றாள். "நாங்கதான் மரத்தக் கொன்னோம். இவர் கை, என் வாய். மரம் இருந்திருந்தா, ஒரு காலையில அவர் வரலன்னா எங்க வாசல் குப்பைமேடாயிருக்கும். நானே கத்திக்கிட்டு உங்க வீட்டுக்கு ஓடியிருப்பேன். அப்பா கதவை இடிச்சதும் எங்க காதுல விழுந்துதும்மா. காஞ்ச கிளைன்னு நெனச்சிட்டோம்."

மகள் அந்த வெள்ளையை விரலால் சுரண்டிப் பார்த்தாள். அழவில்லை.

"அப்பா போன்ல சொன்னார்" என்றாள் கடைசியில். "'மெக்கானிக் தம்பிகூட வந்து பாத்தான்மா, வயசாயிடுச்சுன்னுட்டான்'னு." அவ்வளவுதான் சொன்னாள். வீட்டைப் பூட்டிக்கொண்டு போகும்போது, அந்தப் பிளந்த துடைப்பத்தை இவர்கள் கேட்டில் சாய்த்து வைத்துவிட்டுப் போனாள். கோபத்தில் வைத்தாளா, அப்பாவின் பொருள் சேரவேண்டிய இடம் என்று வைத்தாளா, இன்றுவரை இவர்களுக்குத் தெரியாது. கேட்கத் தைரியமும் இல்லை.

இப்போது அங்கே மரம் இல்லை, கிளை இல்லை. ஆனாலும் மதிய வேளைகளில் அவளுக்கு அந்தச் சத்தம் கேட்கிறது. டொக். கொஞ்சம் விட்டு, டொக், டொக். ஒவ்வொரு தடவையும் மடிக்கிற விரிப்பைக் கீழே போட்டுவிட்டு எழுந்து ஓடுகிறாள். மதிலுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறாள். பூட்டிய வீடும் அடிக்கட்டையும்தான் இருக்கும். காலையில் பளிச்சென்று கிடக்கும் வாசலைப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருக்கிறது.

போன வாரம் எதிர்வீட்டுக்காரர் வந்தார். அவர் வீட்டை ஒட்டி ஒரு வாதுமை மரம், தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற நர்ஸம்மாவுடையது. உள்ளங்கை அகல இலையாகக் கொட்டும்.

"தம்பி, உன்கிட்ட ஒரு மருந்து இருந்துச்சே" என்று குரலைத் தாழ்த்தினார். "நமக்குள்ள இருக்கட்டும். அந்தம்மா மரத்துக்கும் ஒரு கை ஊத்திடேன். குப்பையும் தாங்கல. அத வாரறேன்னு அவங்க தினம் வந்து நின்னு பேசற பேச்சும் தாங்கல."

மெக்கானிக்கின் கண் கேட்டுக்குப் பக்கத்தில் சாய்ந்திருந்த துடைப்பத்தின் மேல் போயிற்று. அவர் மனைவி அதற்குள் அதை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்துவிட்டாள். நர்ஸம்மா வீட்டு வாசலிலிருந்து சரக், சரக் என்று சத்தம் வர ஆரம்பித்தது.

"அண்ணே, இலை உங்களுக்குத் தொல்லையா இருந்தா நர்ஸம்மாகிட்ட வாய விட்டுச் சொல்லுங்க. நானே ஏறிக் கிளையக் கழிச்சுத் தர்றேன். வேரைத் தொடாதீங்க" என்றார் மெக்கானிக். "தனியா இருக்கற மனுஷங்களுக்கு அடுத்த வீட்டு வாசப்படி ஏற ஒரு சாக்கு வேணும்ணே. அத நாம குப்பைன்னு நெனச்சிக்கறோம். கார்டு சாருக்கு இருந்த ஒரே சாக்க நான் மருந்து ஊத்திக் கொன்னேன். அதுக்கப்புறம் அவர் செத்தது எனக்குத் தெரியல, ஏன்னா என் வாசல் ரொம்ப சுத்தமா இருந்துச்சு."