கயிறு இழுக்க ஆள் வேண்டாம்

என் கொழுந்தன் நல்லவன். அதுதான் எனக்குத் தொல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் மெஷின் வாங்கப் போன கடையிலேயே நாலு வார்த்தை கேட்டு அனுப்பியிருப்பேன்.

குடிதண்ணீர்த் தொட்டி வளாகத்தில் புல் வெட்டுவது என் வேலை. பூங்காப் புல் என்று நினைத்துவிடாதீர்கள். தொட்டியைச் சுற்றி மண் கொட்டி எழுப்பிய சரிவு அது. எங்கு பார்த்தாலும் கல், குழி, வெட்டிய மரங்களின் அடிக்கட்டை, முழங்கால் உயரத்துக்குக் கோரை. போன மழையில் அங்கேதான் குழியில் கால் மாட்டி விழுந்தேன். தள்ளிக்கொண்டு போன புல்வெட்டும் மெஷின் ஒரு பக்கம் உருண்டது, நான் ஒரு பக்கம் உருண்டேன். அதற்கு அச்சு வளைந்தது, எனக்கு வலது தோள் முறிந்தது.

கட்டுப் போட்ட நாளிலிருந்து வீட்டில் எல்லாருக்கும் ஒரே பாட்டு: "நான் இருக்கேன்ல." தலை பின்னிவிடக் கணவர், துணி பிழிய மகள், பால் பாக்கெட்டைப் பிரிக்கக்கூட ஓர் ஆள். அன்புதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு என் மேலேயே வெறுப்பு வந்துவிட்டது.

கட்டுப் பிரித்ததும், தொட்டி வளாகத்துக்குப் பொறுப்பான பொறியாளர் அம்மா கூப்பிட்டார்.

"புது மெஷின் வாங்கணும். எது வேணும்னு நீங்களே பார்த்துச் சொல்லுங்க. ஆனா தனியா ஓட்டணும். குடிக்கிற தண்ணி இருக்கிற இடம், வெளியாளை உள்ள விட முடியாது. முடியலைன்னா இப்பவே சொல்லிடுங்க, வேற ஆள் பார்த்துக்கறேன்."

"முடியும்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கடைக்குக் கொழுந்தனும் ஒட்டிக்கொண்டான். அவன் பைக் மெக்கானிக். பெட்ரோல் வாடை அடித்தால்தான் அவனுக்கு அது மெஷின். வரிசையில் நின்ற பேட்டரி மெஷினை விரலால் தட்டி, "பொம்மை" என்றான். பெட்ரோல் மெஷினின் கயிற்றை ஒரே இழுப்பு இழுத்தான். கடையே அதிர்ந்தது.

"மேடு பள்ளத்துக்கு இதுதான் அண்ணி. தீர்ந்தா ஊத்திக்கிட்டுப் போயிட்டே இருக்கலாம். அது பாதி வழியில படுத்துக்கும்."

அவன் சொன்னதில் பொய் இல்லை. அந்த மாதிரிப் பெட்ரோல் மெஷினோடு பல வருடம் குப்பை கொட்டியவள் நான், அதன் பலம் எனக்குத் தெரியும். கட்டையில் இடித்தால் நின்றுவிடும் என்பதும் தெரியும். நின்றால் மறுபடி கயிறு. சரிவில் என்றால் ஒரு கை, விட்டால் மெஷின் அணைந்துவிடும் கைப்பிடிக் கம்பியை அழுத்தி மெஷினையும் தாங்க வேண்டும், இன்னொரு கை இழுக்க வேண்டும். கடையின் சமதளத்திலேயே இழுத்துப் பார்த்தேன். கயிறு பாதிகூட வரவில்லை. கண்ணில் தண்ணீர்தான் வந்தது.

"நீங்க எதுக்கு அண்ணி இழுக்கிறீங்க? ஒரு போன் போடுங்க, வந்து இழுத்துட்டுப் போறேன். நான் இருக்கேன்ல."

அந்த வார்த்தை போதும். கயிறே இல்லாத, பின்சக்கரம் பெரிதான, சக்கரம் தானாக ஓடும் பேட்டரி மெஷினைக் கைகாட்டினேன்.

"இது. ரெண்டு பேட்டரியோட."

"பட்டாத்தான் தெரியும் அண்ணி."

"பட்டுட்டுத்தாண்டா வந்திருக்கேன்."

மெஷின் வளாகத்துக்கு வந்த அன்று, அதை இறக்கும் சாக்கில் அவனும் வந்தான். வண்டியில் என் பழைய பெட்ரோல் மெஷின், அச்சு மாற்றி, துடைத்து, பளபளவென்று. எனக்காகச் செய்தானாம். கோபப்படவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை. இன்று ஒரு நாள் மட்டும் என்று பொறியாளர் அம்மா அவனை உள்ளே விட்டார். அவரும் குடையோடு வந்து ஓரமாக நின்றார்.

அங்கேதான் நான் சொதப்பினேன். பழக்கதோஷம், கத்தியை அடிமட்டத்தில் வைத்தேன். மொட்டை அடித்தாற்போல் இருந்தால்தான் வேலை என்று பழகிய கை. ஈரம் காயாத கோரையில் மெஷின் முனகிக்கொண்டே ஏறியது. பாதிச் சரிவில் பேட்டரி தீர்ந்து நின்றுவிட்டது.

கொழுந்தன் சிரிக்கக்கூட இல்லை. பாவம் பார்த்தான். அதுதான் சுட்டது.

"விடுங்க அண்ணி. பழசை எடுங்க, நான் இழுத்துத் தரேன்."

"சரி, கொண்டா" என்றேன். அவன் பெட்ரோல் மெஷினைச் சரிவில் ஏற்றினான். "வலது கையை பாக்கெட்ல போடு."

"எதுக்கு?"

"போடுடா. இடது கையால மட்டும் ஸ்டார்ட் பண்ணு. என் வலது தோள் மெஷினைத் தள்ளும், சரிவுல தாங்காது, கயிறும் இழுக்காது. நீ இல்லாதப்ப நான் இப்படித்தான் நிப்பேன்."

விளையாட்டு என்று நினைத்துச் செய்தான். கம்பியை அழுத்தினால் கயிற்றைப் பிடிக்கக் கை இல்லை. கயிற்றைப் பிடித்தால் மெஷின் கீழே நழுவுகிறது. முழங்காலை முட்டுக் கொடுத்தான். அதுவும் வழுக்கியது. மெஷின் கீழே உருளத் தொடங்கவே, பாக்கெட்டிலிருந்து வலது கையை உருவிப் பாய்ந்து பிடித்தான்.

"அந்தக் கை எனக்கு இல்லை" என்றேன்.

அவன் பெட்ரோல் மெஷினை மெதுவாகக் கீழே இறக்கினான்.

அடுத்த பேட்டரியைப் போட்டேன். கத்தியை மேல்மட்டத்துக்கு உயர்த்தினேன். முழு அகலத்துக்கு ஆசைப்படாமல் பாதிப் பாதியாக, சரிவுக்குக் குறுக்கே ஓட்டினேன். இப்போது முனகல் இல்லை. கோரையின் மேல்பாதி அறுந்து விழுந்தது. இரண்டு முறை கட்டையில் இடித்து நின்றது. பொத்தானை அமுக்கினேன், ஓடியது. புல் பழைய மாதிரி மொட்டையாக இல்லை, கிராப்பு வெட்டிய தலைபோல் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும்.

உச்சியில் ஒரு பட்டை மிச்சம் இருக்கும்போது அந்தப் பேட்டரியும் தீர்ந்தது.

"மிச்சம்?" என்றார் பொறியாளர் அம்மா.

"நாளைக்கு. ராத்திரி சார்ஜ் போட்டுட்டு."

"தனியாவா?"

"தனியாத்தான்."

அவர் சரிவை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். குடையை மடக்கினார்.

"சரி, அப்ப வெளியாளைக் கேட் வரைக்கும் கொண்டு விட்டுட்டு வாங்க."

கேட்டில் கொழுந்தன் தயங்கி நின்றான். தலையைச் சொறிந்தான்.

"அண்ணி, அந்த மேல் பட்டை மட்டும்... பெட்ரோல்ல அஞ்சு நிமிஷம். நான் இருக்கேன்ல."

"இருடா, நல்லா இரு" என்றேன். "அந்தப் பட்டையில மட்டும் கை வைக்காதே. நாளைக்கு எனக்கு வேலை வேணும்."