அறுபதில் போன பேருந்து

சைக்கிள் கொட்டகையின் தகரக் கூரையில் ஓட்டைகள். மார்ச் மாத வெயில் அவற்றின் வழியே இறங்கி, கீழே உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் தலையில் வெள்ளை வெள்ளையாய் விழுந்தது.

வகுப்பறை, நன்றாகப் படிக்கிறவர்களுக்கு. கொட்டகை, மெல்லக் கற்போருக்கு. அப்படித்தான் பெயர் வைத்திருந்தார்கள். எவ்வளவு நாகரிகமான பெயர்! மக்கு என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

சங்கரேஸ்வரி கொட்டகைப் பிள்ளை. கோவில்பட்டிப் பக்கம் ஒரு கரிசல் ஊர். பத்தாம் வகுப்பு.

தேறினால் பதினொன்று. தேறாவிட்டால் நூல் மில். மில்லுக்கு ஆள் பிடிக்கும் வேன்காரர் வீடு தேடி வந்து அம்மாவிடம் பேசிவிட்டுப் போயிருந்தார். "ஃபெயிலாயிட்டா யோசிக்காதீங்கக்கா. அனுப்பி விடுங்க."

பரீட்சையே இன்னும் வரவில்லை. அவருக்கு மட்டும் அவ்வளவு நிச்சயம்.

கணக்கு வாத்தியார் ஞானதுரை கெட்டவரில்லை. அதுதான் கொடுமை. மாவட்டக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் எழுப்பி நிறுத்தி, ஏன் நூறு சதவீதத் தேர்ச்சி இல்லை என்று கேட்டிருந்தார்கள். அந்த அவமானத்தைச் சிந்தாமல் சிதறாமல் கொண்டுவந்து கொட்டகையில் கொட்டினார்.

கணக்கைப் போடச் சொல்லவில்லை. மனப்பாடம் பண்ணச் சொன்னார்.

பேருந்தின் வேகம் மணிக்கு ஐம்பது கிலோமீட்டர். ஒன்றரை மணி நேரத்தில் எவ்வளவு தூரம் போகும், வரைபடம் வரைந்து சொல்க. எழுபத்தைந்து.

ஐம்பது. ஒன்றரை. எழுபத்தைந்து. பனி விலகாத காலையிலும் அதுதான். வெயில் சாய்ந்த மாலையிலும் அதுதான். ஐம்பது. ஒன்றரை. எழுபத்தைந்து.

"ஏன் சார் எழுபத்தஞ்சு?" என்று ஒருமுறை கேட்டுவிட்டாள்.

பிள்ளைகள் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. "ஏன்னு கேக்குறதுக்கெல்லாம் மார்க் கிடையாது தாயி. சொந்தப் புத்தியக் காட்டாத. நான் குடுத்தத அப்படியே எறக்கி வச்சிட்டு வா."

அதற்குப் பிறகு அவள் எதையும் கேட்கவில்லை.

பரீட்சையன்று கோடைமழை. ஜன்னலுக்கு வெளியே கரிசல் நனைந்து மணத்தது. வினாத்தாளில் பேருந்து வந்திருந்தது. அதே ஒன்றரை மணி நேரம். ஆனால் அறுபதில் வந்திருந்தது.

அறுபது. ஒரு மணிக்கு அறுபது என்றால் அரை மணிக்கு முப்பது. ஆக, தொண்ணூறு.

யாரும் சொல்லித் தரவில்லை. அதுவாக வந்தது. பிறந்ததிலிருந்து முதல்முறையாக ஒரு கணக்கு அவளைத் தேடி வந்திருந்தது. வரைபடத்தாளில் புள்ளிகளை வைத்தாள், சேர்த்தாள். கோடு நேராக ஏறிப் போனது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்படியொரு சந்தோஷம்.

பிறகு பயம் வந்தது.

நான் யார்? கொட்டகைப் பிள்ளை. சார் தப்பாகவா சொல்லியிருப்பார்? தாளில்தான் தப்பாக அடித்திருப்பார்கள். மழை வலுத்தது. தொண்ணூறின் மேல் பேனாவை வைத்து அழுத்தி அடித்தாள். கோட்டையும் அடித்தாள். அடுத்த தாள் வாங்கி, சார் கொடுத்ததை அப்படியே இறக்கி வைத்தாள். எழுபத்தைந்து.

மற்ற எல்லாப் பாடத்திலும் தேறிவிட்டாள். கணக்கில் மட்டும் கொஞ்சத்தில் போயிற்று.

மதிப்பெண் சான்றிதழ் வாங்க அம்மாவோடு போனபோது சார் தலையில் அடித்துக்கொண்டார். "பஸ் கணக்கு வந்துச்சே, அதப் போட்டிருந்தாலே தப்பிச்சிருப்பியே. என்ன எழுதுன?"

"எழுபத்தஞ்சு சார்."

"அறுபதுக்கு எப்படிம்மா எழுபத்தஞ்சு வரும்? தொண்ணூறுல்ல!"

"மொதல்ல தொண்ணூறுதான் சார் எழுதுனேன். நீங்க சொன்னது அதில்லயேன்னு அடிச்சிட்டேன்."

சார் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடியும் துடைத்தார். பிறகு அவளைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்துச் சொன்னார். "மறுதேர்வு இருக்கும்மா. எழுதட்டும்."

"மில்லுல இருந்துக்கிட்டே எழுதட்டும் சார்," என்றாள் அம்மா.

மில்லுக்குப் போனவர்களில் யார் வந்து பரீட்சை எழுதியிருக்கிறார்கள்? மூன்று பேருக்கும் அது தெரியும்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. மில் வேன் பள்ளிக்கூடத்து வழியாகத்தான் போனது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கொட்டகையில் புதுப் பிள்ளைகள். சார் சொல்லச் சொல்ல அத்தனை பேரும் ஒரே குரலில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

அறுபது. ஒன்றரை. தொண்ணூறு.

எண்களை மட்டும்தான் சார் மாற்றியிருந்தார்.