செங்குழல் காய்க்காத வருஷம்

அந்த வருஷம் செங்குழல் பூத்த பூப்பைப் பார்த்தவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். தாவரத் தோட்டத்துக்குப் பின்னால் இருந்த மலைச்சரிவு முழுக்க இடுப்பளவு புதர்கள். புதர் முழுக்க விரல் நீளத்துக்கு வளைந்த சிவப்புக் குழல்கள். மேல்வரிசையில் இன்னும் மொட்டு இருந்தது. கீழ்வரிசையில் பூ உதிர்ந்து காய் முற்றியிருக்க வேண்டிய நேரம். மூன்று துணிப்பைகளோடு காய் பறிக்கப் போன விதையக்கா, மதியம் வரை குனிந்து குனிந்து தேடியும் ஒரு கைப்பிடி தேறாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

தோட்டத்தின் விதை அறையில் அவளுக்குப் பத்தொன்பது வருஷ வேலை. வாயிற்காவலர் முதல் கண்காணிப்பாளர் வரை எல்லாருக்கும் அவள் விதையக்காதான். கோபக்காரி என்றும் பெயர். விதைக் குப்பியின் மூடியைச் சரியாகத் திருகாதவனை ஒரு வாரத்துக்கு விடமாட்டாள். ஆனால் அன்றைக்கு யார் மேல் கோபப்படுவது என்றே அவளுக்குத் தெரியவில்லை. உதிர்ந்த பூக்களின் அடியை நகத்தால் கிள்ளிப் பார்த்தாள். கடுகுபோல் சுருங்கிக் கிடந்தது. போன வருஷமும் அரைப் பைதான் கிடைத்தது. மழை தப்பிவிட்டது என்று அப்போது தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாள். இந்த வருஷம் மழையைக் குறை சொல்ல வழியில்லை.

மறுநாள் விடிந்ததும் சரிவில் போய் உட்கார்ந்தாள். செங்குழலுக்கு வாசனை கிடையாது. பூச்சி வந்து உட்கார இதழும் கிடையாது. வளைந்த அலகை உள்ளே விட்டுத் தேன் குடிக்கும் தேன்சிட்டுக்கென்றே அமைந்த பூ அது. குடிக்கும்போது நெற்றியில் மகரந்தம் அப்பும். அடுத்த பூவில் நெற்றி முட்டும். அங்கே காய் பிடிக்கும். பத்து மணி வரை ஒரு சிட்டுகூட வரவில்லை. கருவண்டுகள் வந்தன. ஒவ்வொரு குழலின் அடியிலும் ஓட்டை போட்டு, மகரந்தத்தின் பக்கமே போகாமல் தேனை உறிஞ்சிவிட்டுப் பறந்தன.

"திருட்டுப் பசங்களா!" என்றாள் விதையக்கா.

அப்போதுதான் கீழேயிருந்து சிட்டுகளின் கீச்சுக்கீச்சு அவள் காதில் விழுந்தது. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்புறம் எழுந்து சரிவின் விளிம்புக்கு வந்து கீழே பார்த்தாள்.

கீழே இருந்தது பறவை மாடம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கண்காணிப்பாளர் கட்டியது. நீளமான மரத்தளம், மேலே அறுபது கொக்கிகள், ஒவ்வொரு கொக்கியிலும் சிவப்பு மூக்கு வைத்த புட்டி, புட்டியில் சர்க்கரைத் தண்ணீர். கேமராவைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகச் சனம் வந்தது. மலையில் பூவுக்குப் பூ தாவி ஒரு துளி ஒரு துளியாகக் குடிக்க வேண்டிய சிட்டுகள், இங்கே ஒரே இடத்தில் உட்கார்ந்து வயிறு முட்டக் குடித்தன.

அந்தப் புட்டிகளை நிரப்புகிறவர் அவள் புருஷன்.

வேலை பார்த்த அச்சகம் மூடியபின் மூன்று வருஷம் வீட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்த மனுஷன். கண்காணிப்பாளரிடம் போய் நின்று, பல்லைக் காட்டி, அவருக்கு இந்த வேலையை வாங்கித் தந்தவளே இவள்தான். இப்போது அவரைச் 'சிட்டு அண்ணன்' என்று எல்லாரும் கூப்பிட்டார்கள். சிட்டுகள் அவர் தோளில் உட்கார்ந்தன. தினமும் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்.

முதலில் அவள் கண்காணிப்பாளரிடம் போனாள். அவர் சிரித்தார்.

"பறவைக்கு வயிறு நிறையுது, வர்றவங்களுக்கு மனசு நிறையுது. உங்களுக்கு என்னம்மா குறை?"

"செடி காய்க்கல சார். அந்தப் புதரோட ஆயுசே பன்னண்டு வருஷம். பட்டுப்போனா வேர்ல தளிர்க்காது. விதை விழுந்தாத்தான் அடுத்தது."

"பாட்டில்தான் காரணம்னு எப்படிச் சொல்றீங்க? நிரூபிச்சுக் காட்டுங்க, பார்ப்போம்."

நிரூபித்தாள். மேல்வரிசையில் இருபது கொத்துகளில் நீல நூல் கட்டி, மெல்லிய பிரஷால் தானே பூவுக்குப் பூ மகரந்தம் தடவினாள். இன்னொரு இருபதில் வெள்ளை நூல் கட்டி அப்படியே விட்டாள். ஐந்து வாரத்தில் நீல நூலில் பதினேழு கொத்து காய்த்தது. வெள்ளை நூலில் ஒன்று. அத்தனையையும் வெட்டிக்கொண்டு வந்து அவர் மேஜையில் பரப்பினாள்.

கண்காணிப்பாளர் ஒரு காயை எடுத்து உருட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பிரமாதம்மா! அப்ப ஒரு பிரஷ் போதும்னு நீங்களே காட்டிட்டீங்க. அடுத்த வருஷம் வர்றவங்க கையில ஆளுக்கொரு பிரஷ் கொடுத்துடலாம். ஜனங்களுக்கும் பொழுது போகும்."

சரிவில் நாலாயிரம் புதர். ஒரு புதரில் முந்நூறு பூ. எத்தனை கை, எத்தனை பிரஷ்? காய்களை வாரி முந்தானையில் போட்டுக்கொண்டு, கதவு அதிர வெளியே வந்தாள்.

அன்று சாயங்காலம் அந்தக் கோபம் வீட்டில் வெடித்தது.

"நாளையிலேர்ந்து புட்டியை நிரப்பாதீங்க."

"நீதானே இந்த வேலையில சேர்த்துவிட்ட?"

"சேர்த்துவிட்ட என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். அந்தச் செடியை நீங்க கொல்றீங்க."

"நானா? நான் பறவைக்குச் சோறு போடறேன். ரெண்டு பேரு என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடறது உனக்குப் பொறுக்கல."

"சர்க்கரை கரைக்கிறதெல்லாம் ஒரு வேலையா?"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவளுக்குப் புரிந்தது. அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். அன்றிலிருந்து இருவரும் ஒரே பேருந்தில் வேலைக்குப் போனார்கள். அவர் முன்னால் உட்கார்ந்தார், அவள் பின்னால்.

ஒன்பது நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். பத்தாம் நாள் காலை பதினொரு மணிக்கு, மாடத்தில் கூட்டம் நெரிசலாக இருந்தபோது, விதை அறையின் சின்ன ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டாள். ஒவ்வொரு புட்டியாகக் கழற்றிச் சர்க்கரைத் தண்ணீரைத் தரையில் கொட்டினாள். சிட்டுகள் சிதறின.

"ஏய், பைத்தியமா உனக்கு? பறவை சாகும்!" என்று கேமராக்காரர் ஒருத்தர் கத்தினார்.

"மலை நிறையத் தேன் இருக்கு, அங்க போய்க் குடிக்கட்டும்! உங்க போட்டோவுக்காக ஒரு செடி வம்சமில்லாமப் போகணுமா?"

இருபத்தாறு புட்டி முடிந்தபோது காவலர்கள் அவளை இறக்கினார்கள். கண்காணிப்பாளர் மூச்சிரைக்க ஓடிவந்து அங்கேயே பணியிடை நீக்கம் என்றார். அவள் அவரைப் பார்க்கவில்லை. மாடத்தின் ஓரத்தில் நின்ற புருஷனைப் பார்த்தாள். அவர் மெதுவாக வந்தார். அவளுடைய ஏணியிலேயே ஏறினார். காலிப் புட்டிகளை ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்ட ஆரம்பித்தார்.

அந்த நாள் முழுக்க அவளுக்குள் எரிந்ததை எதனாலும் அணைக்க முடியவில்லை.

கேமராக்காரர் எடுத்த படம் ஊரெல்லாம் கைபேசியில் சுற்றியது. 'பறவைகளின் எதிரி' என்று தலைப்பு வேறு. எதிர்வீட்டுக்காரிகூட, "சிட்டுக்குருவி உங்களை என்னக்கா பண்ணுச்சு?" என்று கேட்டாள். சிட்டுக்குருவிக்கும் தேன்சிட்டுக்கும் வித்தியாசம் தெரியாதவளிடம் எதைச் சொல்ல? கதவைச் சாத்தினாள்.

படம் சுற்றியதில் ஒரு நல்லதும் நடந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து விசாரிக்க ஓர் அதிகாரியம்மா வந்தார். மூக்குக்கண்ணாடியை நுனி மூக்கில் வைத்துக்கொண்டு விதையக்கா எழுதி நீட்டிய நீல நூல், வெள்ளை நூல் கணக்கை இரண்டு முறை படித்தார். கண்காணிப்பாளர் மாடத்துக்கு வந்தவர்களின் எண்ணிக்கையைச் சொன்னார். அதிகாரியம்மா அதைக் கேட்டுக்கொண்டே சிட்டு அண்ணனைக் கூப்பிட்டார்.

"இந்தப் பறவைகளை உங்களைவிட யாரும் கிட்டத்துல பார்த்ததில்லைன்னு சொல்றாங்க. ஆரம்பத்துல இதுக நெற்றி எப்படி இருந்தது?"

அவர் தொண்டையைக் கனைத்தார். கண்காணிப்பாளரைப் பார்த்தார். மனைவி பக்கம் திரும்பவே இல்லை.

"முதல் மாசம் எல்லாம் மஞ்சளாப் பூசிக்கிட்டு வரும்மா. மகரந்தம். நானே துடைச்சுப் பார்த்திருக்கேன். அப்புறம் குறைஞ்சுது. இந்த வருஷம் ஒண்ணோட நெத்தியிலயும் இல்ல. என் பொண்டாட்டி மேல எனக்குக் கோபம் இருக்கு. ஆனா அவ சொன்னதுல பொய் இல்ல."

செங்குழல் பூக்கும் பத்து வாரமும் புட்டி தொங்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. விதையக்காவுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. அந்தப் பத்து வாரம் அவள் புருஷனுக்குக் களை எடுக்கும் வேலை.

அடுத்த பூப்பில் முதல் மூன்று நாள் சிட்டுகள் வெறுங்கொக்கிகளைச் சுற்றிச் சுற்றி வந்தன. "பட்டினி போட்டுட்டியே," என்றார் அவர். மாதக்கணக்கில் அவர் நேராக அவளிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். அவளும் மணிக்கொரு தரம் மாடத்தை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். நாலாம் நாள் ஐந்தாறு சிட்டுகள் சரிவுக்குப் போயின. இரண்டாம் வாரத்தில் சிட்டுகளின் சத்தத்தில் மலை இரைந்தது.

ஒன்றரைப் பை காய் கிடைத்தது. ஆனால் கீழ்வரிசையில் எழுநூறு கிழட்டுப் புதர்கள் பட்டுக் கிடந்தன; அடியில் ஒரு கன்றுகூட இல்லை.

பை நிறைந்த அன்று கண்காணிப்பாளர் சரிவின் அடியில் புதுப் பலகை ஒன்று நட்டார். 'நம் தோட்டத்தின் பாதுகாப்பு முயற்சி' என்று கொட்டை எழுத்து. படம் எடுக்க ஆள் வந்திருந்தான்.

"பையோட இப்படிப் பக்கத்துல நில்லுங்கம்மா. கொஞ்சம் சிரிங்க."

விதையக்கா பலகையை மேலிருந்து கீழ்வரை படித்தாள்.

"ரெண்டு வருஷம் காய்க்கல, எழுநூறு புதர் போச்சு. அதை எங்க சார் எழுதியிருக்கீங்க?"

"இன்னுமா கோபம்? விடுங்கம்மா."

"விடமாட்டேன்," என்றாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு விதை அறைக்கு நடந்தாள். ஈரம் பட்டால் காய் பூஞ்சணம் பிடித்துவிடும். வெயில் இறங்குவதற்குள் உலர்த்த வேண்டும்.